பழுது எங்கே?

அலுவலகத்தில் கணிப்பொறி திடீரென்று நின்றுபோனால், அங்கே முதலில் எழும் கேள்வி எது தெரியுமா? "எதைத் தொட்டாய்?" என்பதுதான். அக்கேள்வி பெரும்பாலும் அங்குள்ளவர்களில் மிகக் குறைந்த ஊதியம் பெறுபவரை நோக்கியே எழும். சேலத்திலும் நாமக்கல் வட்டாரத்திலும் கணிப்பொறிகளைச் செப்பனிடுவதையே தொழிலாகக் கொண்டு இருபத்தைந்து ஆண்டுகளைக் கழித்தவன் நான். அவ்வாண்டுகளிற் பெரும்பகுதி நானும் அதே கேள்வியைத்தான் கேட்டு வந்தேன். அதனால் விளைந்த தீங்கையும், பின்னர் நான் கற்ற பாடத்தையும் ஒளிக்காமல் எழுதுவது நலமெனக் கருதுகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் சேலத்தில் ஒரு மொத்த வணிகரின் கடையிலிருந்து அழைப்பு வந்தது. ஆண்டுக் கணக்கை முடிக்கவேண்டிய மார்ச்சு மாதக் கடைசி வாரம். கணக்குக் கோப்புகள் சில திறக்கவில்லை; சிலவற்றைக் காணவே இல்லை. நான் அரைமணி நேரம் பார்த்துவிட்டு, "கோப்பு தானாக அழியாதுங்க. யாரோ அழித்திருக்க வேண்டும்" என்றேன். அங்கே கணக்கெழுதியவர் இருபது வயது இளைஞர். "நான் எதுவும் செய்யவில்லை சார்" என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். மறுநாள் அவருக்கு வேலையில்லை.

இரண்டு மாதங்கள் சென்றன. அதே கணிப்பொறி மீண்டும் நின்றது. இம்முறை உள்ளேயிருந்து 'டிக், டிக்' என்ற ஓசை கேட்டது. வன்தட்டைக் கழற்றிச் சோதித்தேன். கோப்புகளைத் தாங்கும் அத்தட்டின் பரப்பில் பல இடங்கள் கெட்டிருந்தன. கோப்புகள் சிதைந்ததற்கு அதுவே காரணம். அவற்றை யாரும் அழிக்கவில்லை. அவ்வுண்மையை அன்றே வணிகரிடம் சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. "இவனுக்குத் தொழில் தெரியவில்லை" என்று எண்ணிவிடுவாரோ என்ற அச்சம் என் வாயை அடைத்தது. புதிய தட்டைப் பொருத்திவிட்டுக் கூலியையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

2019-ஆம் ஆண்டில் ஒருநாட் காலை, நாமக்கல்லில் உள்ள ஒரு லாரி புக்கிங் அலுவலகத்திலிருந்து அவசர அழைப்பு வந்தது. சேலத்துச் சவ்வரிசியை ஏற்றிய லாரி ஒன்று மகாராட்டிரத்துக்குப் புறப்பட ஆயத்தமாய் நின்றது. ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு மாநில எல்லையைக் கடக்கவேண்டுமானால், 2018 ஏப்ரல் முதல் நாளிலிருந்து இணையத்தில் 'இ-வே பில்' பதியவேண்டும் என்பது சட்டம். லாரியின் எண்ணை அதில் ஏற்றினால்தான் வண்டி நகரும். ஆனால் அன்று அந்தத் தளம் திறக்கவில்லை.

இராசிபுரம் வழியாகப் பேருந்தில் சென்று சேர்ந்தபோது மணி பத்தரை. ஓட்டுநர் வாசலில் பீடி புகைத்துக்கொண்டிருந்தார். முதலாளியோ நிலைகொள்ளாமல் நடந்துகொண்டிருந்தார். மேசையருகே, அழுத கண்களோடு ஒரு பெண் நின்றிருந்தார். "நேற்று மாலை வரைக்கும் நன்றாக ஓடியதுங்க. இந்தப் பொண்ணுதான் எதையோ அமுக்கிவிட்டது. நாளையிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன்" என்றார் முதலாளி.

பழைய பழக்கம் விடுமா? "என்னம்மா அமுக்கினாய்?" என்று நானும் கேட்டேன்.

"ஒன்றும் இல்லைங்க சார். காலையில் போட்டதிலிருந்தே இப்படித்தான் வருகிறது. மூலையில் தேதி கூட..." என்று அவர் தொடங்கினார். "சரி, கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்" என்று சொல்லி நான் நாற்காலியில் அமர்ந்தேன். பிணையக் கம்பியைப் பிடுங்கிச் செருகினேன். ரவுட்டரை அணைத்து மீண்டும் போட்டேன். வைரசு இருக்கிறதா என்று தேடினேன். இணைப்புத் தரும் நிறுவனத்துக்குத் தொலைபேசி செய்து, அவர்களையும் கடிந்துகொண்டேன். இவ்வாறு ஒரு மணி நேரம் வீணாயிற்று. திரையிலோ ஆங்கிலத்தில் ஓர் எச்சரிக்கை திரும்பத் திரும்பத் தோன்றிற்று. அதன் முதல் வரியைப் படித்தேனேயன்றி, இறுதிவரை படிக்கவில்லை.

அப்போது அந்தப் பெண் மீண்டும் மெல்லிய குரலில், "சார், தேதி 2009 என்று காட்டுகிறதுங்க" என்றார்.

பார்த்தேன். திரையின் வலக்கோடியில் 2009-ஆம் ஆண்டின் சனவரி மாதம் நின்றது! தேதியைத் திருத்தினேன். மறு நிமிடமே தளம் திறந்தது.

நடந்தது இதுதான். கணிப்பொறியின் உள்ளே தாய்ப்பலகையில் நாணயம் போன்ற ஒரு சிறு மின்கலம் உண்டு. 'சிஆர் 2032' என்பது அதன் பெயர். குறுக்களவு 20 மில்லிமீட்டர், தடிமன் 3.2 மில்லிமீட்டர் என்பதையே அந்த எண் குறிக்கிறது. மூன்று வோல்ட் மின்னழுத்தம் கொண்ட அதுதான், மின்சாரம் இல்லாத வேளையில் கடிகாரத்தை ஓட்டுகிறது. அவ்வலுவலகத்தில் இரவுதோறும் மெயின் சுவிட்சையே அணைத்துவிடுவார்கள்; ஆகவே இராப்பொழுது முழுவதும் சுமை அந்த மின்கலத்தின் மேலேயே விழுந்தது. பல ஆண்டுகள் உழைத்த அது அன்றிரவு ஓய்ந்தது. காலையில் கணிப்பொறி தன் பழைய தேதிக்குத் திரும்பிவிட்டது.

தேதிக்கும் இணையத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். பாதுகாப்பான தளம் ஒவ்வொன்றும், 'நான் இன்னார்' என்பதற்கு ஒரு சான்றிதழ் காட்டும். அச்சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. கணிப்பொறி தன் கடிகாரத்தோடு அவற்றை ஒப்பிடும். 2009-இல் இருப்பதாக நம்பிய கணிப்பொறிக்கு, அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை! ஆகவே கதவை அடைத்தது. சான்றிதழ் காலாவதியாயிற்று அல்லது இன்னும் செல்லத்தக்கதாகவில்லை என்ற பொருளில் அந்த எச்சரிக்கையே காரணத்தைச் சொல்லியிருந்தது. அந்தப் பெண்ணும் சொன்னார். கேளாதவன் நான்தான்.

லாரி புறப்பட்டது. முதலாளி என் கையில் பணத்தை வைத்து, "நல்ல வேளை, வந்தீர்கள்" என்றார். வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் 'டிக், டிக்' என்ற அந்த வன்தட்டின் ஓசை என் காதில் ஒலித்தது. "ஐயா, பழுதைக் கண்டுபிடித்தவர் இந்தப் பெண். தேதியைப் பற்றி இவர் முதலிலேயே சொன்னார். நான் கேட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். இவர் மேல் தவறு ஒன்றுமில்லை" என்றேன். முதலாளி சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "போய் டீ சொல்லும்மா, நாலு பேருக்கு. உனக்கும் சேர்த்து" என்றார். மறுநாளும் அந்தப் பெண் வேலைக்கு வந்தார் என்பதை, மின்கலத்தை மாற்றச் சென்றபோது கண்டேன்.

அன்றுமுதல் நான் கேட்கும் கேள்விகள் மாறிவிட்டன. எப்போதிலிருந்து இப்படி? ஒரு கணிப்பொறியில் மட்டுமா, எல்லாவற்றிலுமா? கைப்பேசியில் அதே தளம் திறக்கிறதா? (அன்று யாரேனும் இதைச் செய்திருந்தால், பழுது இணைப்பில் இல்லை என்பது உடனே விளங்கியிருக்கும்.) நேற்றைக்கும் இன்றைக்கும் இடையே என்ன மாறிற்று? திரையில் என்ன எழுதியிருக்கிறது? அலுவலகங்களில் பணிபுரியும் நம் பிள்ளைகள், எச்சரிக்கை தோன்றியவுடன் அஞ்சி அதை மூடிவிடாமல், கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்வது நன்று. அதுவே அவர்களுக்குச் சாட்சி.

கோடையில் இடியும் மின்னலும் வருவதற்கு முன்பே, மின்கம்பியோடு தொலைபேசிக் கம்பியையும் கழற்றிவிடுங்கள். மின்னல் அவ்வழியாகவும் நுழையும். கணக்குகளுக்கு எப்போதும் வேறொரு பிரதி இருக்கட்டும். அப்பிரதி வேறோரிடத்தில் இருக்கட்டும். அந்தச் சேலத்துக் கடையில் பிரதி ஒன்று இருந்திருந்தால், ஓர் இளைஞரின் வேலையும் தப்பியிருக்கும்.

நாமக்கல்லிலிருந்து திரும்பிய வாரமே அவ்வணிகரிடம் சென்று, பழைய உண்மையைச் சொன்னேன். அவர் என்னை ஏசவில்லை. "அவன் திருப்பூருக்குப் போய்விட்டான். அப்பா இங்கேதான் இருக்கிறார்" என்று தெருவைச் சொன்னார். நடந்தே சென்றேன். திண்ணையில் அமர்ந்திருந்த பெரியவரிடம், தலை குனிந்து யாவற்றையும் கூறினேன்.

"இத்தனை வருடம் கழித்து ஏன் வந்தாய்?" என்று கேட்பார் என எதிர்பார்த்தேன். அவர் அப்படிக் கேட்கவில்லை. நெடுநேரம் தெருவையே பார்த்திருந்துவிட்டு, "அவன் அன்றைக்கே சொன்னானுங்க. நான்தான் நம்பவில்லை" என்றார். பின்பு உள்ளே திரும்பி, மகனுக்குப் போன் போட்டுத் தரும்படி பேரனை அழைத்தார்.