அம்மா நிறுத்தும் இடம்

அம்மாவின் கீர்த்தனைப் புத்தகத்துக்கு அட்டை கிடையாது. காக்கித்தாள் போட்டு, அதுவும் நைந்து, கடைசியில் பழைய சேலைத் துண்டில் சுற்றி வைத்திருந்தாள். ஒவ்வொரு பாட்டின் தலையிலும் ராகமும் தாளமும் அச்சிட்டிருக்கும். அம்மா அந்தப் பக்கம் கண்ணை ஓட்டியதே இல்லை. வரி மறந்தால் பார்க்கத்தான் புத்தகம். மெட்டெல்லாம் அவளிடமே இருந்தது.

குரல் அப்படியொன்றும் இனிமையானதல்ல. கொஞ்சம் மூக்கால் வரும். ஆனால் எங்கள் வீட்டில் பாட்டில்லாமல் விடிந்ததில்லை. உலை வைக்கும்போது சபைக்கென்று கைப்பிடி அரிசி தனியாக எடுத்து வைப்பாள், அதற்கொரு பாட்டு. இரவு குடும்ப ஜெபத்தில் அப்பா வேதம் வாசிக்க, நாங்கள் தூங்கி விழ, தொடையில் ஒரு கிள்ளு. அந்தக் கிள்ளுக்கு நடுவிலும் சரணம் அறுபடாது.

அவள் போன மறுவருடம் தம்பி ஒரு பழைய கேசட்டைப் பென்டிரைவில் ஏற்றி அனுப்பினான். லெந்து என்கிற தவக்காலத்தில் பாடும், இயேசுவின் பாடுகளைச் சொல்லும் கீர்த்தனை ஒன்று. இரண்டாம் வரியின் நடுவில் அம்மா நிறுத்துகிறாள். சின்ன நிறுத்தமில்லை, தாளமே தவறிப் போகிற நிறுத்தம். பிறகு ஒன்றும் நடக்காததுபோலத் தொடர்கிறாள். சிறு வயதில் நாங்கள் கூடப் பாடி அந்த இடத்தில் தவறாமல் முட்டிக்கொள்வோம். அப்போது அவள் வலது கை தன்னால் எழுந்து, மூன்று விரலைக் குவித்து எதையோ தூவும். “அம்மா உப்புப் போடுதா” என்று நானும் தம்பியும் கேலி செய்வோம்.

அந்த மெட்டு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. பாளையங்கோட்டையில் ஓய்வுபெற்ற பாடகர் குழுத் தலைவர் ஒருவரைப் பார்க்கப் போனேன். ஆர்மோனியத்தில் விரலை வைத்துக்கொண்டு இரண்டு முறை கேட்டார். “புத்தகத்துல முகாரின்னு போட்டிருக்கு. இது முகாரி இல்ல. எங்க கோயில்ல பாடுத மெட்டும் இல்ல.”

எனக்குள் ஓர் அற்ப ஆசை எழுந்தது. கிறிஸ்தவக் கீர்த்தனைகளின் தலைமகன் வேதநாயகம் சாஸ்திரியார் 1774இல் பிறந்தது இதே பாளையங்கோட்டையில்தான். மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் சிறு வயதிலேயே அவரைத் தஞ்சாவூருக்கு அழைத்துப்போனார். இளவரசர் சரபோஜியும் அந்த ஐயரின் கவனிப்பில் வளர்ந்தவர். 1800இல் ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடிய மனிதரின் மெட்டு ஒன்று எப்படியோ தெற்கே திரும்பி வந்து அம்மாவிடம் தங்கிவிட்டதென்றால்! இதற்காகப் பல நாள் படித்தேன். படித்ததில் ஆசை கரைந்ததுதான் மிச்சம். மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் 1853இல் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார்; சாஸ்திரியாரின் பாட்டுகள் அதில் ஏராளம். பாமாலை என்கிற ஞானப்பாட்டுப் புத்தகத்துக்கு மேல்நாட்டு மெட்டு எழுத்திலேயே உண்டு. எங்கள் கீர்த்தனைப் புத்தகத்திலோ ராகம், தாளத்தின் பெயரோடு சரி. மெட்டு, ஆள் மாற்றி ஆள் வாய்வழி நடந்துதான் ஊருக்கு ஊர் போயிருக்கிறது. நடந்து போனது வழியில் உடை மாற்றாமல் இருக்குமா?

துப்பு கிடைத்தது கேசட்டிலேயே. மறுபக்கம் கிறிஸ்துமஸ் பாட்டுகள். அவற்றை அம்மா ஊரே பவனியில் பாடுகிற மாதிரிதான் பாடியிருக்கிறாள், ஒரு இழுப்பில்லை, நிறுத்தமில்லை. லெந்துப் பாட்டு மட்டும்தான் இப்படி. அப்படியானால் அது கோயிலில் கற்றதல்ல. லெந்து வருகிற மாசி, பங்குனியில் வேறு எங்கோ கற்றது.

சித்தி இன்னும் தேரிக்காட்டு ஓரத்தில்தான் இருக்கிறாள். செம்மண் ஏறிய செருப்போடு போய் நின்றேன். போனில் போட்டுக் காட்டினேன். முடியும்வரை பேசவில்லை.

“ஏய்யா, இது ஆச்சி விடிலில பாடுனதுல்லா.”

விடிலி என்றால் பனங்காட்டுக்குள் ஓலை வேய்ந்த குடிசை. பதனி காய்ச்சுகிற இடம். மாசி பிறந்தால் பாளை சீவத் தொடங்குவார்கள். தாத்தா மரத்திலிருந்து இறக்குவார்; உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறங்குவதால் புளிக்காது. ஆச்சி அதைச் சட்டியில் ஊற்றிப் பாகு பருவம் வரும்வரை மணிக்கணக்காகத் துடுப்பால் துழாவுவாள். பருவம் தப்பாமல் சிரட்டையில் ஊற்றினால் கருப்பட்டி. லெந்துக்குக் கோயிலுக்குப் போக அவளுக்கு ஏது நேரம்? அடுப்படியிலேயே பாடினாள்.

“பதனி பொங்கி வரும்லா? அப்ப ஆமணக்கு முத்த நசுக்கிப் போடணும். இல்லன்னா அம்புட்டும் அடுப்புலதான். ஆச்சி பாட்ட நிறுத்திட்டுப் போடுவா. பொங்கல் அமரவும் விட்ட எடத்துல இருந்து எடுப்பா.”

எனக்குச் சந்தேகம். பதனி தினமும் ஒரே வரியில் பொங்குமா என்ன?

“பொங்காது. ஆச்சி எங்க வேணாலும் நிறுத்துவா. ஒங்கம்மைக்கு அஞ்சு வயசு. வெளையாடிக்கிட்டே கேட்டவ எந்த நிறுத்தத்தப் புடிச்சாளோ, அதோட நின்னுட்டா. மறுவருசம் படிக்கப் போட டவுனுக்குக் கொண்டு போயிட்டாவ.”

அம்மா டீச்சர் வேலை பார்த்தவள். எனக்குத் தெரிந்து விடிலிக்குள் ஒரு நாளும் கால் வைத்ததில்லை. கடைக் கருப்பட்டியில் சீனி கலந்திருக்கிறது என்று குறை சொல்வதோடு சரி.

சித்தியைப் பாடச் சொன்னேன். பல்லு போச்சு, பாட்டு எங்க வரும் என்று மறுத்தாள். பிறகு திண்ணைத் தூணில் சாய்ந்துகொண்டு தானாகவே தொடங்கினாள். முதல் வரி போயிற்று. இரண்டாம் வரியில், அம்மா நிற்காத ஓர் இடத்தில், நின்றாள். மடியில் கிடந்த வலது கை எழுந்தது. மூன்று விரல் குவிந்து, அடுப்பில்லாத வெறுந்தரைக்கு மேலே எதையோ தூவிற்று.