பிளடி!

நம்ம சினிமாவில் வெள்ளைக்காரத் துரைகள் 'பிளடி இந்தியன்ஸ்' என்று பல்லைக் கடித்ததைப் பார்த்தே வளர்ந்தவர்களுக்கு 'பிளடி' என்றால் வசவுதான். இங்கிலாந்தில் அதன் முக்கிய வேலையே அழுத்தம் கொடுப்பது. 'பிளடி குட்' என்றால் பாராட்டு. நம்ம 'செம' மாதிரி.

ஆனால் இடம் பார்த்துத்தான். 1914-இல் லண்டனில் பெர்னாட் ஷாவின் 'பிக்மேலியன்' நாடகம். பூக்காரி எலிசா, பெரிய மனிதர் வீட்டில் அளந்து அளந்து பேசிவிட்டு, கிளம்பும்போது இந்தச் சொல்லை உதிர்த்தாள். அரங்கமே அதிர்ந்து சிரித்தது, பத்திரிகைகளும் விடவில்லை.

2006-இல் ஆஸ்திரேலியச் சுற்றுலா விளம்பரம் 'பிளடி ஹெல்' என்றபோது, பிரிட்டிஷ் டிவியில் முதலில் தடை. ஆஸ்திரேலியர்களுக்கோ அது அன்றாடப் பேச்சு.

நண்பர்களிடம் தாராளமாகச் சொல்லுங்கள். மேனேஜருக்கு மெயில் எழுதும்போது 'வெரி' போதும்!