அப்பாவுக்கு ஒரு லென்ஸ்

லென்ஸ் வாங்க நினைக்கிற எவரும் சீக்கிரமே எம்டிஎஃப் வரைபடத்தில் போய் நிற்பார்கள். கிடைமட்டத்தில் படத்தின் நடுவிலிருந்து மூலை வரைக்குமான தூரம். முழு ஃப்ரேமுக்கு 21.6 மிமீ. செங்குத்தில் 0 முதல் 1 வரை. நெருங்கிக் கிடக்கும் கறுப்பு வெள்ளைக் கோடுகளை லென்ஸ் எவ்வளவு கலங்காமல் கடத்துகிறது என்பதுதான் அந்த எண். மில்லிமீட்டருக்கு 10 ஜோடிக் கோடுகள் என்றால் பொதுவான கான்ட்ராஸ்ட், 30 என்றால் நுணுக்கம். உச்சியிலேயே நேராகப் போகிற கோடு நல்ல லென்ஸ். பாதி வழியில் சறுக்கினால் ஓரம் சொதப்பல்.

எனக்கு இது பிடிக்கும். ஆபீஸிலும் பெஞ்ச்மார்க் பார்ப்பதுதான் பிழைப்பு. அங்கே கேட்கிற முதல் கேள்வியை இங்கேயும் கேட்கலாம்: எதை வைத்து ஓட்டினீங்க? கேனன் வெளியிடுவது வடிவமைப்பிலிருந்து கணக்கிட்டது. ஸைஸ், தயாரான லென்ஸை அளந்து வெளியிடும். விமர்சனத் தளங்கள் பெரும்பாலும் தட்டையான சார்ட் ஒன்றை ட்ரைபாடில் இருந்து எடுக்கும். அமெரிக்காவில் லென்ஸ் வாடகை நிறுவனம் நடத்திய ரோஜர் சிகாலா, ஒரே மாடலில் பல பிரதிகளை அளந்து, ஒன்று போல் இன்னொன்று இருக்காது என்று காட்டினார். இவ்வளவு இருந்தும் நான் வரைபடத்தை நம்புகிறவன்தான். அது லென்ஸைப் பற்றிப் பொய் சொல்வதில்லை.

அப்பா மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்ற பிறகு பறவை பிடித்துக்கொண்டார். திருநெல்வேலியில் இருந்து விடியும் முன்னே கிளம்பி கூந்தன்குளம். கூழைக்கடா, சங்குவளை நாரை, அதிர்ஷ்டம் இருந்தால் வரித்தலை வாத்து. கடந்த சில வருஷமாக வலது கை நடுங்குகிறது. அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை, அவரும்தான். "நல்ல லென்ஸா ஒண்ணு பாருல" என்றார் ஃபோனில்.

பட்ஜெட்டுக்குள் பழையதாக இரண்டு கிடைத்தன. கேனனின் 400மிமீ எஃப் 5.6, 1993இல் வந்தது. கூர்மைக்குப் பேர் போனது, ஆனால் அசைவைத் தடுக்கும் ஐஎஸ் கிடையாது. இன்னொன்று 1998இன் 100-400 ஜூம். 400இல் கொஞ்சம் மென்மை, ஆனால் ஐஎஸ் உண்டு. வரைபடத்தைக் கேட்டால் யோசிக்காமல் முதலாவதைச் சொல்லும்.

ஆனால் படத்தின் கூர்மை ஒரு பெருக்கல் கணக்கு. லென்ஸ், சென்சார், அசைவு, எல்லாவற்றின் எம்டிஎஃப்பும் பெருக்கிக்கொள்ளும். லென்ஸ் 0.8 கொடுத்து, கை 0.3 கொடுத்தால் மிச்சம் 0.24. லென்ஸ் 0.7 ஆக இறங்கி, ஐஎஸ் கையை 0.6க்கு ஏற்றினால் 0.42. 400மிமீயில் கேமரா ஒரு டிகிரியில் 60ல் ஒரு பங்கு திரும்பினாலே, சென்சாரில் பிம்பம் 0.116 மிமீ நகரும். அப்பாவின் 24 மெகாபிக்சல் கிராப் கேமராவில் அது 30 பிக்சலுக்கு மேல். விமர்சனத் தளங்கள் சண்டை போடுவதோ ஓரிரண்டு பிக்சலுக்கு.

பொங்கல் லீவில் இரண்டையும் வாடகைக்கு எடுத்துப் போனேன். ட்ரைபாடில் ஒற்றை லென்ஸ்தான் ஜெயித்தது, சந்தேகமே இல்லை. பிறகு அப்பா கையில் கொடுத்து, கிளையில் உட்கார்ந்த நாரையை 1/500இல் ஆளுக்கு 40 படம். ஒற்றை லென்ஸில் தேறியது 6. ஜூமில் 19. வெயில் ஏறி 1/2000 கிடைத்ததும் இந்த வித்தியாசம் காணாமல் போய்விட்டது. இறக்கை அடிக்கிற பறவைக்கு ஐஎஸ்ஸால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

ராத்திரி டேபிளைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"கை ஆடுதுன்னு சொல்றதுக்கு இவ்வளவு கணக்கால?"

நான் ஸ்க்ரீனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவரே தொடர்ந்தார்.

"வெயில் வந்துட்டா ரெண்டும் ஒண்ணுதான்னு நீயே போட்டிருக்க. பத்து மணிக்குப் போனா அந்த ஷார்ப் லென்ஸே போதும்லா?"

"பத்து மணிக்குத் தரையில இருந்து கானல் கிளம்பிடும்ப்பா. தூரத்துல இருக்கிறது எல்லாம் நெளியும். எந்த லென்ஸும் ஒண்ணும் பண்ண முடியாது."

மறுபடியும் டேபிளைப் பார்த்தார். 6 என்ற இடத்தில் விரல் கொஞ்ச நேரம் நின்றது, நடுங்கிக்கொண்டே.

"சரி, ஜூமையே வாங்கு. ட்ரைபாட் பேச்ச மட்டும் எடுக்காத."