கடைசி வரி

ஜெயித்தவர்களைப் பற்றி எழுதப்படுவது எனக்குச் சீக்கிரம் அலுத்துவிடுகிறது. வெற்றிக்கான காரணங்கள் எப்போதும் கைவசம் இருக்கின்றன. பயிற்சியாளரின் முன்யோசனை, முன்வரிசைக்காரனின் வேகம், நகரத்தின் உற்சாகம் என்று பின்னாலிருந்து கோத்துக்கொண்டே போனால் போதும். தோல்விக்கு அப்படி யாரும் மெனக்கெடுவதில்லை. ஆட்டம் சரியில்லை, தோற்றார்கள் என்று ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடுகிறது. ஃபுட்பால் லீகுகளின் பழைய புள்ளிப் பட்டியல்களைப் படிக்கிற பழக்கம் எனக்கு உண்டு. நான் முதலில் பார்ப்பது கடைசி வரியை. கீழேயிருந்து மேலே போகும்போதுதான் ஒரு வருஷத்தின் விஷயம் கொஞ்சமாவது பிடிபடுகிறது.

மேற்கு ஜெர்மனியின் முதல்தர லீகான புந்தஸ்லீகாவின் 1965-66 பட்டியலில் கடைசி வரி இது: தாஸ்மானியா 1900 பெர்லின். ஆடியது 34, வென்றது 2, டிரா 4, தோற்றது 28. போட்ட கோல் 15, வாங்கிய கோல் 108. வெற்றிக்கு இரண்டு புள்ளி என்ற அன்றைய கணக்கில் மொத்தம் 8 புள்ளிகள். அந்த லீகின் வரலாற்றில் இதைவிட மோசமான வரி இதுவரை எழுதப்படவில்லை. மிகக் குறைந்த வெற்றி, மிகக் குறைந்த கோல், மிக அதிகத் தோல்வி, ஒரு வெற்றிகூட இல்லாமல் தொடர்ந்து ஆடிய 31 ஆட்டங்கள், எல்லாம் அவர்களுடையவை.

இந்த எண்களை வைத்துக்கொண்டு சிரிப்பது சுலபம். ஜெர்மனியில் அரை நூற்றாண்டுக்கும் மேலாகச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். ஏதாவது ஒரு அணி நாலு வாரம் தொடர்ந்து தோற்றால் தாஸ்மானியாவின் பெயரை எடுத்துவிடுகிறார்கள். பெயரே ஓர் அளவுகோல் ஆகிவிட்டது. ஆனால் இவர்கள் அந்தப் பட்டியலுக்குள் எப்படி வந்து சேர்ந்தார்கள் என்பதைப் பட்டியல் சொல்வதில்லை. அது பட்டியலின் வேலையுமல்ல.

1961 ஆகஸ்டில் பெர்லின் சுவர் எழுந்தது. மேற்கு பெர்லின் கிழக்கு ஜெர்மனியின் நடுவில் ஒரு தீவாயிற்று. 1963-ல் 16 கிளப்புகளோடு புந்தஸ்லீகா தொடங்கியபோது பெர்லினுக்குரிய இடம் ஹெர்த்தா என்ற கிளப்புக்குப் போயிற்று. சுவர் சூழ்ந்த ஊருக்குக் குடிவர நல்ல ஆட்டக்காரர்கள் தயங்கினார்கள். அதிகப் பணம் கொடுத்தால்தான் வருவார்கள். ஜெர்மன் ஃபுட்பால் சம்மேளனமோ சம்பளத்துக்கும் சேர்க்கைத் தொகைக்கும் உச்சவரம்பு வைத்திருந்தது. ஹெர்த்தா கணக்கில் காட்டாமல் கொடுத்தது. 1965-ல் விஷயம் வெளியே வந்து, அந்த கிளப் லீகிலிருந்து நீக்கப்பட்டது.

ஒரு இடம் காலியானதும் வேறு கணக்குகள் ஆரம்பித்தன. அந்த வருஷப் பட்டியலில் கடைசி இரண்டு இடங்களில் இருந்த கார்ல்ஸ்ரூவும் ஷால்கவும் இரண்டாம் தரத்துக்கு இறங்கவேண்டியவை. ஹெர்த்தா போய்விட்ட பிறகு நாங்கள் எதற்காக இறங்கவேண்டும் என்று கேட்டார்கள். ஷால்க பழம்பெருமை வாய்ந்த கிளப். அதை இறக்க யாருக்கும் மனமில்லை. லீகை 18 கிளப்புகளாகப் பெரிதாக்கி இருவரையும் வைத்துக்கொண்டார்கள். தகுதிச் சுற்றில் ஜெயித்து மேலே வந்த இரண்டு கிளப்புகள் பயர்ன் மியூனிக்கும் பொருஸியா மூன்ஷன்கிளாட்பாக்கும். ஆக 17. பதினெட்டாவது இடம் பெர்லினுக்கு என்று முடிவாயிற்று. தேசத்தின் முதல்தர லீகில் பெர்லின் இல்லாமல் போனால் அந்த நகரத்தையே கைகழுவிவிட்டதுபோல் ஆகிவிடும் என்ற எண்ணம் அன்று வலுவாக இருந்தது.

பெர்லினில் அந்த வருஷம் முதலாவதாக வந்த டென்னிஸ் பொருஸியா தகுதிச் சுற்றில் அப்போதுதான் தோற்றிருந்தது. தோற்றவர்களை மேலே கூப்பிடுவது அழகாக இராது. இரண்டாவதாக வந்த ஷ்பாண்டாவ் கிளப், வேண்டாம் என்று சொல்லிவிட்டது. மூன்றாவதாக வந்த தாஸ்மானியா, சரி என்றது.

ஷ்பாண்டாவின் அந்த மறுப்பைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். தன் அளவு தெரிந்து சொல்லப்பட்ட மறுப்பு என்று அதைப் புகழலாம். புகழ யாருமில்லை. மறுத்தவர்களுக்குப் பட்டியலில் வரி கிடையாது. தாஸ்மானியாவின் சம்மதத்தைப் பேராசை என்று சொல்லவும் எனக்கு மனம் வருவதில்லை. பெர்லினின் நொய்க்கோல்ன் என்ற தொழிலாளர் பேட்டையைச் சேர்ந்த கிளப் அது. ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற ஆசைப்பட்ட இளைஞர்கள் 1900-ல் தொடங்கியபோது வைத்த பெயர் என்று ஒரு கதை உண்டு. 1959, 1960, 1962 ஆகிய வருஷங்களில் பெர்லின் நகர லீகை வென்றவர்கள். 1963-ல் புந்தஸ்லீகாவில் இடம் கேட்டு விண்ணப்பித்து, ஹெர்த்தாவுக்காக ஒதுக்கப்பட்டவர்கள். இரண்டு வருஷம் கழித்து, கேட்காமலே அதே கதவு திறக்கிறது. வாசலில் நின்று தன் தகுதியை நிறுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறவர் எத்தனை பேர்?

சீசன் தொடங்க இரண்டு வாரம்போலத்தான் இருந்தது. விடுமுறையில் இருந்த ஆட்டக்காரர்கள் சிலருக்கு வானொலி மூலம்தான் செய்தி தெரிந்தது என்பார்கள். பலர் வேறு வேலை பார்த்துக்கொண்டே ஆடியவர்கள். அவசர அவசரமாக ஹார்ஸ்ட் ஷிமானியாக்கை இத்தாலியிலிருந்து கூட்டி வந்தார்கள். 1958, 1962 உலகக் கோப்பைகளில் மேற்கு ஜெர்மனிக்காக ஆடியவர், தேசிய அணிக்கு 43 ஆட்டங்கள். அவருக்கு வயது முப்பதைத் தாண்டியிருந்தது.

1965 ஆகஸ்ட் 14 அன்று முதல் ஆட்டம். ஒலிம்பிக் ஸ்டேடியத்தில் 81,000 பேருக்கு மேல் கூடியிருந்தார்கள். எதிரணி கார்ல்ஸ்ரூ. 2-0 என்று தாஸ்மானியா வென்றது. இரண்டு கோல்களையும் போட்டவர் இங்கோ உஸ்பெக். அன்று மைதானத்தில் இருந்த இரண்டு அணிகளுமே ஒரு கூட்டத் தீர்மானத்தால் உள்ளே வந்தவை என்பது அந்த 81,000 பேரில் எத்தனை பேருக்கு உறுத்தியிருக்குமோ! அவர்கள் வந்தது பெர்லினைப் பார்க்க. பெர்லின் ஜெயித்தது. அடுத்த வெற்றிக்கு ஒன்பது மாதங்கள் காத்திருக்கவேண்டியிருந்தது.

அந்த இடைக்காலத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இரண்டு தேதிகளைத் தவறாமல் சொல்வார்கள். ஒன்று 1966 மார்ச் 26. சொந்த மைதானத்தில் மைடரிஷ் அணியிடம் 0-9. புந்தஸ்லீகாவில் சொந்த ஊரில் இதைவிடப் பெரிய தோல்வி எவருக்கும் இன்றுவரை நேரவில்லை. மற்றது 1966 ஜனவரி 15. கடுங்குளிரில், அதே ஒலிம்பிக் ஸ்டேடியத்தில், பார்க்க வந்தவர்கள் 827 பேர். ஆகஸ்டில் வந்தவர்களில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு. பெருந்தொற்றுக் காலத்தில் கதவைச் சாத்திக்கொண்டு ஆடிய ஆட்டங்களை விட்டுவிட்டால், இந்த லீகில் இதைவிடக் குறைந்த கூட்டம் ஒருபோதும் கூடியதில்லை.

827 என்ற எண்ணைக் கேட்டதும் நம் போன்றவர்களுக்குள் ஏதோ ஒன்று சிலிர்த்துக்கொள்கிறது. முந்நூறு பிரதி அச்சடித்து, அதில் பாதியைக் கட்டிலுக்குக் கீழே வைத்திருக்கிற நாம், ஆள் குறைவாக இருந்தாலே அங்கே ஏதோ சத்தியம் இருப்பதாக நம்பப் பழகிவிட்டோம். இந்தப் பழக்கத்தை நான் சந்தேகிக்கிறேன். அந்த 80,000 பேர் வராமல் போனதற்கு ரசனைக் கேடு காரணமல்ல. குளிர் எலும்பைத் தொட்டது, அணி வாரா வாரம் தோற்றுக்கொண்டிருந்தது, டிக்கெட்டுக்குக் காசு கொடுக்கவேண்டும். வராதது நியாயம்தான். வந்த 827 பேரை ரிஷிகளாக்கவும் அவசியமில்லை. தோல்வியைப் பார்த்துச் சிரிப்பது எவ்வளவு சோம்பேறித்தனமோ அவ்வளவு சோம்பேறித்தனம் அதற்கு மாலை போடுவதும். இரண்டிலும் ஆட்டத்தைப் பார்க்கவேண்டிய சிரமம் மிச்சமாகிறது.

ஆட்டத்தைப் பார்த்தால் என்ன இருக்கிறது? அன்று எதிரே ஆடியது மூன்ஷன்கிளாட்பாக். நெட்ஸர், ஹைன்கஸ், ஃபோக்ட்ஸ் போன்றவர்கள் அந்த சீசனில்தான் முதல்முறையாகப் புந்தஸ்லீகாவுக்கு வந்திருந்தார்கள். 1969 முதல் 1977 வரை ஒன்பது வருஷம் சாம்பியன் பட்டம் வேறு எவருக்கும் போகவில்லை. நான்கு தடவை பயர்ன், ஐந்து தடவை மூன்ஷன்கிளாட்பாக். அந்த அணியோடு, காலியான ஸ்டேடியத்தில், தாஸ்மானியா ஆடிய ஆட்டத்தின் முடிவு 0-0. தோற்கவில்லை. சீசன் முழுவதிலும் நான்கே டிராக்கள், அதில் இது ஒன்று. ஒரு கோல்கூட விடாமல் தொண்ணூறு நிமிஷம் தாக்குப்பிடித்தார்கள். ஆனால் 1966 ஜனவரி 15 என்றால் நினைவில் நிற்பது 827தான். 0-0 அந்த எண்ணுக்குப் பின்னால் போய்விட்டது. அந்த அணி செய்த நல்ல காரியங்களில் ஒன்று, அதன் அவமானப் பட்டியலில் ஓர் இலக்கமாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது.

இதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒருவன் தோற்றவன் என்று தீர்மானமான பிறகு அவன் செய்வதெல்லாம் அந்தத் தீர்மானத்துக்குச் சாட்சியாகவே படிக்கப்படுகிறது. நன்றாகச் செய்ததும்கூட. விமர்சனம் என்ற பெயரில் நாமும் இதைச் செய்துகொண்டுதான் இருக்கிறோம். மதிப்பிடக் கூடாது என்று நான் சொல்லவரவில்லை. 15-க்கு 108 என்பது மதிப்பீடுதான், அதில் தப்பு எதுவும் இல்லை. தாஸ்மானியா அந்த லீகுக்குரிய அணி அல்ல. அதை முப்பத்துநான்கு ஆட்டங்கள் ஐயத்துக்கு இடமில்லாமல் நிரூபித்தன. ஆனால் அது சம்மேளனத்துக்கு முதல் நாளே தெரியும். மூன்றாவது ஆளாகக் கூப்பிடப்பட்டவர்கள் அவர்கள். அவர்களை உட்காரவைத்தது அவர்களுடைய ஆட்டத்துக்காக அல்ல, ஊரின் பெயருக்காக. ஒரு பெயரை நிறுத்திவைக்க ஆள் தேவைப்பட்டது, ஆள் கிடைத்தது. பிரதிநிதியாகக் கூட்டிவந்தவர்களை ஆட்டக்காரர்களாக நிறுத்து எடை போட்டார்கள். தீர்மானம் போட்டவர்களின் பெயரில் 108-ல் ஒரு கோல்கூட எழுதப்படவில்லை.

அதே வருஷம் உள்ளே வந்த மற்ற இருவரையும் பார்க்கவேண்டும். பயர்ன் அந்த சீசனில் மூன்றாவது இடம். பட்டம் அவர்களுடைய சொந்த ஊர்க்காரர்களான 1860 மியூனிக்குக்கு. 1963-ல் லீக் தொடங்கியபோது ஒரு ஊருக்கு ஒரு கிளப் போதும் என்று பயர்னை வெளியே நிறுத்தியிருந்தார்கள். அவர்கள் இரண்டு வருஷம் கீழே ஆடி, ஜெயித்து, வளர்ந்து வந்தார்கள். தாஸ்மானியாவும் வெளியே நிறுத்தப்பட்டதுதான். அவர்களைத் தூக்கி மேலே வைத்தார்கள். நன்மை செய்வதுபோல ஓர் ஆளை நாசம் பண்ண இதைவிடச் சிறந்த வழி இருப்பதாகத் தெரியவில்லை.

1966 மே 21, முப்பத்துமூன்றாவது ஆட்டம். இறங்குவது எப்போதோ உறுதியாகிவிட்டது. ஜெயித்தாலும் தோற்றாலும் அவர்களுடைய இடம் மாறாது. அன்று பொருஸியா நொயின்கிர்ஷன் அணியை 2-1 என்று வென்றார்கள். அவர்களோடு கூடவே அந்த வருஷம் கீழே இறங்கிய மற்றோர் அணி அது. எந்தப் பயனும் இல்லாத வெற்றி என்று சொல்லலாம். முதல் வெற்றியில் 81,000 பேரும் சுவரும் நகரமும் இருந்தன. இந்த இரண்டாவது வெற்றியில் ஆட்டம் மட்டும் இருந்தது. இதைத்தான் அவர்களுடைய ஒரே வெற்றி என்று எனக்குச் சொல்லத் தோன்றுகிறது.

ஹெர்த்தா 1968-ல் லீகுக்குத் திரும்பி வந்தது. தாஸ்மானியா 1973-ல் கடனில் மூழ்கிக் கலைக்கப்பட்டது. அதன் வாரிசாகத் தொடங்கிய கிளப் இன்றும் நொய்க்கோல்னில் கீழ்த்தர லீகுகளில் ஆடிக்கொண்டிருக்கிறது.

ஐம்பத்தைந்து வருஷம் கழித்து ஓர் அணி அந்த 31 ஆட்டச் சாதனையை நெருங்கியது. அது ஷால்க. 1965-ல் கடைசியில் வந்தும், தாஸ்மானியாவை உள்ளே கொண்டுவந்த அதே தீர்மானத்தால் காப்பாற்றப்பட்ட ஷால்க. 2020 ஜனவரியில் தொடங்கி 30 ஆட்டங்கள் வெற்றி இல்லை. இன்னும் ஒன்று போயிருந்தால் சமமாகியிருக்கும். 2021 ஜனவரி 9 அன்று ஹோஃபன்ஹைம் அணியை 4-0 என்று வென்றுவிட்டார்கள். பெருந்தொற்று நாட்கள், ஸ்டேடியத்தில் 827 பேர்கூட இல்லை. அந்த வாரங்களில் பெர்லினில் தாஸ்மானியாக்காரர்கள் ஷால்க ஜெயிக்கவேண்டும் என்று காத்திருந்தார்கள், சாதனை தங்களிடமே இருக்கட்டும் என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். பத்திரிகைகள் இதை வேடிக்கைச் செய்தியாகப் போட்டன. எனக்கு அதில் வேடிக்கை தெரியவில்லை. கலைக்கப்பட்ட கிளப்பின் சொத்து என்று அவர்கள் கைக்கு வந்தது அந்த ஒரு வரிதான். அதையும் ஷால்க எடுத்துக்கொண்டு போயிருந்தால், 1965-ல் யார் யாருக்காக விளையாடினார்கள் என்று கேட்கவும் ஒரு காரணம் இல்லாமல் போயிருக்கும்.