பாகாயத்தைத் தாண்டி ஓர் ஊர்

வேலூரிலிருந்து ஆரணி சாலையில் போனால் முதலில் பாகாயம் வரும். சி.எம்.சி.யின் மனநல மையம் 1957 முதல் அங்கேதான் இருக்கிறது. நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கிச் சிகிச்சையில் பங்கேற்கும் முறைக்குப் பெயர்பெற்ற இடம். அதைக் கடந்து, கணியம்பாடிப் பக்கம் திரும்பிக் கம்மவான்பேட்டைக்குப் போனேன். வீட்டுக்கு ஒருவராவது ராணுவத்தில் இருக்கும் ஊர் என்று வட்டாரமே சொல்லும்.

திண்ணையில் பூத்தொடுத்துக்கொண்டிருந்த பெண்களிடம், மனசு தாங்காமல் போனால் எங்கே போவீர்கள் என்று கேட்டேன். சிறிது நேரம் யாரும் பேசவில்லை. கைக்குழந்தையோடு இருந்த இளம்பெண்தான் வாயைத் திறந்தார். கணவர் வடக்கே, குடும்பத்தை அழைத்துப்போக முடியாத பீல்டு ஏரியாவில் இருக்கிறார்.

“அவுரு போன் பண்ணா எல்லாம் நல்லாக்கீதுன்னுதான் சொல்லுவேன் அக்கா. துப்பாக்கி புடிச்சினு நிக்கறவர்கிட்ட இத்தச் சொல்லி இன்னா பண்றது?”

போன வருஷம்வரை இந்தப் பெண்ணும் கணவரோடு பீஸ் ஸ்டேஷனில், குவார்ட்டர்ஸில் இருந்தவர். அங்கே மற்ற ஜவான்களின் மனைவிமார் இருந்தார்கள், ராணுவ மருத்துவமனை இருந்தது, 1966இல் தொடங்கிய ராணுவ மனைவியர் நலச் சங்கத்தின் கூட்டங்கள் இருந்தன. பேசிப் புலம்ப ஆள் இருந்தது. கணவருக்குப் பீல்டு போஸ்டிங் வந்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு மாமியார் வீட்டுக்கு வந்துவிட்டார். இப்போது ராணுவ மருத்துவமனைக்குப் போவதென்றால் சென்னைக்குத்தான், ஏறக்குறைய 140 கிலோமீட்டர். பயமும் தனிமையும் கூடுகிற நேரத்தில்தான் உதவி கையைவிட்டுப் போகிறது. இந்த ஏற்பாட்டை என்னால் ஏற்கவே முடியவில்லை.

ஓய்வுபெற்ற படைவீரர்களுக்கு 2003இல் வந்த இ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டம் உண்டு. கார்டைக் காட்டினால் பாலிகிளினிக்கில் சர்க்கரைக்கும் பி.பி.க்கும் மாத்திரை கிடைக்கும். மனநல மருத்துவரைப் பார்க்க, அங்கிருந்து எழுதி வாங்கிக்கொண்டு வேறு மருத்துவமனைக்குப் போக வேண்டும். அதற்கு முதலில் வாய்விட்டுச் சொல்ல வேண்டுமே. “ராத்திரில அலறிக்கினு எழுந்திரிக்கறாரு. டாக்டராண்ட போனா தூக்கம் நல்லா வருதுன்றாரு” என்றார் ஒரு முன்னாள் ஹவில்தாரின் மனைவி. அந்த மனைவியும் சரியாகத் தூங்கிப் பல வருஷம் ஆகிறது. அதை அவரிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை.

பக்கத்திலேயே பாகாயம் இருக்கிறதே என்றேன். “அந்த ஸ்டாப்புல எறங்கனா ஊருக்கே தெரிஞ்சிடும்” என்றார் இன்னொருவர்.

ஊராரைவிடப் பெரிய பயம் யூனிட்டைப் பற்றியது. ராணுவத்தில் உடல்தகுதியை ‘ஷேப்’ என்ற ஐந்து ஆங்கில எழுத்துகளில் குறிப்பார்கள். முதல் எழுத்தே மனநலத்துக்கு உரியது. அதில் தரம் இறங்கினால் பிரமோஷன் தடைபடலாம். தான் ஆலோசனைக்குப் போனால் கணவரையும் ‘கேட்டகிரி’ ஆக்கிவிடுவார்களோ என்று மனைவிமார் அஞ்சுகிறார்கள். மனைவி சிகிச்சை பெறுவதற்கும் கணவரின் தரத்துக்கும் தொடர்பில்லை என்பதைக் குடும்பத்தாரிடம் தெளிவாகச் சொல்வது ராணுவத்தின் பொறுப்பு.

14416 என்ற எண்ணை எழுதிக் கொடுத்தேன். டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண்: 2022 அக்டோபரில் தொடங்கியது, இலவசம், இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். படைவீரர்களுக்கும் குடும்பத்தாருக்கும் என்றே தனிப்பிரிவு ஒன்று 2023 டிசம்பரில் புனே ராணுவ மருத்துவக் கல்லூரியில் திறக்கப்பட்டது. அங்கிருந்த யாரும் இதைக் கேள்விப்பட்டிருக்கவில்லை.

“அவரு நம்பரு, யூனிட்டு எல்லாம் கேப்பாங்களா?” பொது எண்ணில் அதையெல்லாம் சொல்ல வேண்டியதில்லை என்றேன். “சரி, மாமியாரு கூடத்துலயே கீறாங்களே, எங்க நின்னு பேசறது?” அதற்கு என்னிடம் பதில் இல்லை.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெண்கள் வீடு வீடாக வந்து மாத்திரை கொடுத்துப் போகிறார்கள். அவர்களுக்குப் பயிற்சி தந்து, மாத்திரை கொடுக்கும்போதே வீட்டுப் பெண்ணிடமும் நாலு வார்த்தை தனியாகக் கேட்கச் சொல்லலாம். மாவட்ட மனநலத் திட்டத்தின் ஆலோசகர் மாதத்தில் ஒரு நாள் ஊருக்கே வரலாம். எல்லாரும் பி.பி. பார்த்துக்கொள்ளும் இடத்திலேயே அவரும் உட்கார்ந்தால் போதும். இதைச் சொன்னபோது ஹவில்தாரின் மனைவி கேட்டார்: “வர்றது பொம்பள டாக்டரா இருப்பாங்களா? அப்படின்னா நான் மொத ஆளா போறேன்.”