புதன்கிழமை ஆராதனை

உபதேசியார் ஐயாவுக்கு,

கடலூரிலிருந்து ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் வழியாகச் சிதம்பரம் போகும் பஸ்ஸில் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை காலைகளில் போயிருக்கிறேன். கையில் வேதாகமத்தோடு ஏறுகிறவர்கள் அவரவர் கோயில் வந்ததும் இறங்கிவிடுவார்கள். நான் யூனிஃபார்ம் பையும் சோற்று டப்பாவுமாக உட்கார்ந்திருப்பேன். நர்ஸ் வேலைக்கு ஞாயிறு ஏது? பி.முட்லூர் தாண்டும்போது, நம் கோயிலில் இப்போது முதல் மணி அடித்திருக்கும் என்ற நினைப்பு வரும். நெஞ்சு கனத்துப் போகும்.

அந்தப் பாரத்தை இறக்கி வைத்தவர் நீங்கள். என்னைப் போல் இன்னும் பலர் அதே பாரத்தோடு பஸ் ஏறுகிறார்கள் என்பதால்தான் இதை எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

எங்கள் வார்டில் நாசரேத் பக்கத்து அக்கா ஒருவர் இருந்தார். சனிக்கிழமையை ஓய்வுநாளாக ஆசரிக்கிறவர். அவருடைய சனிக்கிழமை டூட்டியை நான் பார்ப்பேன். என் ஞாயிற்றுக்கிழமையை அவர் பார்ப்பார். அவர் ஊர்ப்பக்கம் இந்த வழக்கம் புதிதல்ல. 1857-இல் மிஷனரிகளை விட்டுப் பிரிந்து பிரகாசபுரத்தில் தனிச்சபை கண்ட சட்டம்பிள்ளையின் கூட்டத்தார் சனிக்கிழமையைத்தான் ஆசரித்தார்கள். ஒருநாள் சிரிஞ்சில் மருந்தை ஏற்றிக்கொண்டே அக்கா கேட்டார்: "பத்துக் கட்டளையில ஒன்பதை அப்படியே வச்சுக்கிட்டு, ஒண்ணுக்கு மட்டும் எப்படிம்மா நாளை மாத்துனீங்க?" எனக்குப் பதில் தெரியவில்லை. கொஞ்ச நாளில் அவர் மாற்றலாகிப் போனார். என் ஞாயிறும் போயிற்று.

இரண்டு கவலையையும் உங்கள் திண்ணையில் கொண்டுவந்து கொட்டினேன். அக்காவை நீங்கள் ஒரு வார்த்தை குறைத்துப் பேசவில்லை. "அந்தம்மா கேட்டது நல்ல கேள்வி" என்று சொல்லிவிட்டு ஞானோபதேசத்தை எடுத்தீர்கள். நம் லுத்தரன் பிள்ளைகள் மூன்றாம் கட்டளை என்று ஒப்பிக்கும் ஓய்வுநாள் கட்டளையை சி.எஸ்.ஐ. பிள்ளைகள் நான்காம் கட்டளை என்பார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். லுத்தர் அதற்கு எழுதிய சிறிய விளக்கத்தில் கிழமையே வருவதில்லை. தேவ வசனத்தை அசட்டை செய்யாமல் கேட்பதைப் பற்றித்தான் பேசுகிறார். 1530-ஆம் வருஷத்து ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையோ, ஓய்வுநாளுக்குப் பதிலாக ஞாயிறு கட்டாயமாக்கப்பட்டது என்று நினைப்பதே தவறு என்கிறது. சபை கூட ஒரு நாள் வேண்டும், அதற்காக ஞாயிறு, அவ்வளவுதான். எருசலேமில் கூடிப் பேசிய அப்போஸ்தலரும் புறஜாதி விசுவாசிகள்மேல் ஓய்வுநாளைச் சுமத்தவில்லை. 321-இல் கான்ஸ்டன்டைன் ஞாயிற்றை விடுமுறையாக்கியபோதுகூட உழவர்களுக்கு விலக்கு இருந்தது. இவ்வளவும் சொல்லிவிட்டு, இயேசு ஓய்வுநாட்களில் சுகமாக்கிய நோயாளிகளை விரல்விட்டு எண்ணினீர்கள். "உன் டூட்டி பாவமில்லம்மா" என்றீர்கள்.

"அப்போ அந்தக் கட்டளை நமக்கு இல்லையா ஐயா?" என்றேன்.

உபாகமம் ஐந்தாம் அதிகாரத்தை எடுத்து என்னையே வாசிக்கச் சொன்னீர்கள். வேலைக்காரனும் வேலைக்காரியும் வீட்டுக்காரரைப் போலவே இளைப்பாற வேண்டும், எகிப்திலே அடிமையாய் இருந்ததை மறக்கக் கூடாது என்று வருகிற இடம். முடித்ததும் கேட்டீர்கள்: "உன் வீட்டுல பாத்திரம் தேய்க்க வர்ற அம்மாவுக்கு எந்த நாள் லீவு?"

எனக்கு நாக்கு எழவில்லை. ஞாயிறு ஆஃப் கிடைக்கிற வாரங்களில் அவரை ஆறு மணிக்கே வரச் சொல்லுவேன். நான் நேரத்தோடு ஆராதனைக்குக் கிளம்ப வேண்டுமே! எந்தக் கிழமை என்று மனதை அரித்துக்கொண்டிருந்த எனக்கு, யாருக்கு ஓய்வு என்பது தோன்றவே இல்லை. கிழமை நம்மைக் கட்டாது, அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டிய ஓய்வு கட்டும். இதைத்தான் இன்றுவரை நம்புகிறேன்.

அடுத்த புதன்கிழமை சாயங்காலம் குடையை மடக்கிக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றீர்கள். நான், நெய்வேலி சுரங்கத்தில் ஷிஃப்ட் பார்க்கும் ஒருவர், ராத்திரி வாட்ச்மேன் ஒருவர், மூன்றே பேர். பாவ அறிக்கை முதல் ஆசீர்வாதம் வரை முறைமையில் எதையும் நீங்கள் குறைக்கவில்லை. காணிக்கைப் பையைக்கூட மறக்கவில்லை. மாதத்தில் ஒரு புதன் போதகரையும் அழைத்துவந்து எங்களுக்கு நற்கருணை கிடைக்கச் செய்தீர்கள். ஓய்வு பெற்று ஊருக்குப் போகும்வரை ஒரு வாரமும் தவறியதில்லை.

இதை வாசிக்கிற போதகர்களே, உங்கள் சபையில் ஞாயிற்றுக்கிழமை டூட்டி பார்க்கிறவர்கள் யார் யார் என்று தயவுசெய்து ஒரு பட்டியல் எடுங்கள். அவர்களுக்கு வாரநாளில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

ஐயா, பாத்திரம் தேய்க்கும் அம்மா இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை வருவதில்லை. சம்பளத்தில் ஒரு பைசா பிடிப்பதில்லை. வருகிற புதன் எனக்கு ஆஃப். மேல்பட்டாம்பாக்கம் வந்து உங்களைப் பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் புதன்கிழமைச் சபையின் மகள்