இருதயத்திற்கு ஒரு சோதனை

சோதனை என்னுஞ் சொல் கிறிஸ்தவ இல்லங்களில் அச்சத்தோடு வழங்குவது. அதற்குட்படாதிருக்க நாள்தோறும் ஜெபிக்கிறோம். பரீட்சை என்னும் பொருளும் அச்சொற்கு உண்டென்பதைத் தமிழ் பயிலும் யாம் அறியாதவரல்லேம். ஆயினும் அவ்விரு பொருளும் ஒருங்கே கூடி நிற்கக் கண்டது, எம் பாட்டனாரின் இருதயத்தை வைத்தியர் ஆராய்ந்த அன்றேயாகும்.

பாட்டனார் 74 வயதினர், ஓய்வுபெற்ற ஆசிரியர். படியேறுங்கால் மார்பில் ஒரு பாரம் தோன்றுவதாகச் சொல்லிவந்தார். படுத்த நிலையில் எடுத்த ஈ.சி.ஜி.யில் குற்றமொன்றும் காணப்படாமையால் வீட்டார் மகிழ்ந்தனர். வைத்தியரோ மகிழ்ந்திலர். இருதயத் தசைக்கு இரத்தமூட்டும் கொரோனரி நாளமொன்று பாதிக்குமேல் அடைபட்டிருப்பினும், ஓய்வுக்காலத் தேவைக்கு எஞ்சிய வழியே போதியதாகலாம் என்றார். தூர்ந்த வாய்க்கால் மழைக்காலத்தில் தன் குறையைக் காட்டுவதில்லை. நடவு நாளில் கடைமடைக்காரனே அதனை அறிவான்.

ஆகவே இருதயத்தை உழைக்கச்செய்து பார்த்தல் வேண்டும். நகரும் பட்டைமீது நடக்கவிடுவது பெருவழக்கு. மூட்டுவாதத்தால் கோலூன்றுபவர் அதன்மேல் எங்ஙனம் நடப்பார்? அத்தகையோர்க்கு உதவுவது டோபுடமின் என்னும் மருந்து. தளர்ந்த இருதயத்தை ஊக்குவதற்கென 1970களில் அமெரிக்காவில் ஆக்கப்பெற்ற இது, பின்னர் மறைந்த நோயை வெளிப்படுத்தும் துணையுமாயிற்று. கைநாளத்தின் வழியே, உடலெடையில் ஒரு கிலோவிற்கு நிமிஷத்துக்கு 5 மைக்ரோகிராம் எனத் தொடங்கி, மும்மூன்று நிமிஷங்களில் 10, 20, 30, 40 என உயர்த்துவர். 220இலிருந்து வயதைக் கழித்து, எஞ்சியதில் நூற்றுக்கு 85 பங்கு நாடித்துடிப்பை எய்துவதே இலக்கு. பாட்டனார்க்கு அஃது ஏறக்குறைய 124. எய்தாவிடின் அத்ரோபின் சேர்ப்பர்.

ஒவ்வொரு நிலையிலும் மீயொலியால் இருதயத்தைப் படம்பிடிப்பர். 1953இல் சுவீடன் நாட்டு லுண்ட் நகரில் எட்லர் என்னும் வைத்தியரும் ஹெர்ட்ஸ் என்னும் பௌதிக அறிஞரும், உலோகத்தின் விரிசலைக் காணும் கருவியைக்கொண்டன்றோ இருதய அசைவை முதன்முதல் இங்ஙனம் பதிந்தனர்! இரத்தம் குன்றிய தசை, ஈ.சி.ஜி. மாறுமுன்னும் நோவு தோன்றுமுன்னும் சுருங்குவதில் தளர்ந்துவிடும். அத்தளர்ச்சியையே படத்தில் தேடுவர்.

நிற்க. படபடப்பும் நாடி பிறழ்தலும் நேரலாம், மிக அரிதாக மாரடைப்பும் உண்டு என்பதை வைத்தியர் மறைக்கவில்லை. நோயுற்றதென்று ஐயுறும் இருதயத்தை வேண்டுமென்றே வருத்துதல் தகுமோ என்று பாட்டனாரைக் கேட்டோம்.

"பாடத்தை ஒப்பிக்கச் சொல்லாமலே பையன் படித்துவிட்டான் என்று எந்த வாத்தியார் சொல்லுவார், தம்பி?" என்று கூறிக் கையொப்பமிட்டார்.

யாம் வெளியே அமர்ந்திருந்தோம். அரைமணி நேரம் அத்துணை நீண்டதென அன்றுவரை அறிந்திலோம். 30 மைக்ரோகிராம் நிலையில் மருந்தை நிறுத்திவிட்டனர். அதன் வேகம் இரண்டு நிமிஷ அளவில் பாதியாகிவிடுமாம். எதிர்மருந்தும் அருகே ஆயத்தமாயிருந்தது. பின்னர் வைத்தியர் எங்களை அழைத்து, நான்கு நிலைப் படங்களையும் ஒரே திரையில் ஓடவிட்டார். இடக்கீழறையின் முன்சுவரில் ஒரு பகுதி 10இல் மற்றவற்றோடு ஒத்துச் சுருங்கியது, 30இல் பின்தங்கியது. அப்பொழுதும் பாட்டனார், நோவில்லை என்றே சொன்னாராம்.

"அந்தத் தசை செத்துவிடவில்லை ஐயா; இரத்தம் போதவில்லை, அவ்வளவே," என்று வைத்தியர் சொல்லி, ஆஞ்சியோகிராம் எடுக்க அடுத்த செவ்வாயைக் குறித்தார்.

பாட்டனார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து அணிந்துகொண்டு, பின்தங்கிய அப்பகுதியை இன்னொருமுறை காட்டச் சொன்னார்.